ஒன்பதாவது விதி

மட்டாஞ்சேரியில் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன் நான் ஒருவன்தான். பஜார் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற நைனா முகம்மது என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டு மாடியில் சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்டி வைத்து, முன்பின் பார்க்காத ஆட்களோடு தந்திக் கட்டையில் டக் டக் என்று பேசுகிறவன் என்று தெரிந்ததும் சிலர் என்னை ஒற்றன் என்றார்கள், சிலர் கிறுக்கன் என்றார்கள். இரண்டாவது கட்சிக்குத் தலைமை என் மனைவி மெஹருன்னிசா.

எனக்கு ஒழுங்கு முக்கியம். காற்றில் பேசுவது மீன் சந்தையில் பேசுவது போல் இல்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழுந்தால் இரண்டு பேர் பேச்சும் நாசமாகும். இது புரியாத ஜென்மங்கள் ஐம்பதுகளில் நிறையப் பேர் செட் வாங்கி உட்கார்ந்தார்கள். பொறுத்துப் பார்த்து, ஐம்பத்தேழாம் வருஷம் நானே பன்னிரண்டு விதிகள் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, தென்னாட்டில் எனக்குத் தெரிந்த இருபத்தாறு பேருக்கும் தபாலில் அனுப்பினேன். முதல் விதி, பேசுவதற்கு முன் கேள். அலைவரிசையில் இடம் காலியாகத் தோன்றினாலும் 'யாராவது இருக்கிறீர்களா' என்று ஒரு வார்த்தை விசாரி. நாலாவது விதி, அரசியல், மதம், வியாபாரம், வீட்டு விஷயம் இந்த நாலையும் காற்றில் கொண்டு வராதே.

ஒன்பதாவது விதிதான் எனக்குப் பெருமையான விதி. எதிராளி அனுப்பியது விளங்காவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லலாம், ஆனால் இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை கேட்பது அவருடைய செட்டையும் கையையும் குறை சொல்வதாகும். 'கிடைத்தது' என்று சொல்லி, நல்ல வார்த்தை கூறி விடைபெறுவதே மரியாதை. இப்படி எழுதியிருந்தேன். பெங்களூரிலிருந்து ஒருவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கோவில்பட்டி சங்கரலிங்கம் என் விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். அங்கே ஒரு பஞ்சாலையில் எலெக்ட்ரீஷியன். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டரை மணிக்கு அவரும் நானும் நாற்பது மீட்டர் அலைவரிசையில் சந்திப்போம். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. கை தெரியும். மோர்ஸ் தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. சங்கரலிங்கத்தின் கோடுகள் கொஞ்சம் நீளம். நீளமாக இழுத்துவிட்டு மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவது மாதிரி சின்ன இடைவெளி விடுவார். தமிழில்தான் பேசுவோம், எழுத்து மட்டும் இங்கிலீஷ்.

என்ன பேசுவோம் என்றால், உங்கள் சிக்னல் ஃபைவ் நைன் நைன், இங்கே வெயில், ஏரியலை இரண்டடி உயர்த்தினேன், வாழ்த்துகள், வணக்கம். ஃபைவ் நைன் நைன் என்றால் தெளிவு முழுசு, பலம் முழுசு, சுருதி சுத்தம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு மார்க் கிடையாது. ஆறு வருஷத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் வேறு எண் கொடுத்ததே இல்லை. இடி இடித்துக் காது கிழிந்தாலும் ஃபைவ் நைன் நைன்தான். கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஒன்பது மணிக்கு நான் கீழே இறங்கும்போது மெஹர் சாயா ஆற்றிக்கொண்டிருப்பாள்.

"கோவில்பட்டி அண்ணன் என்னா சொன்னாரு?"

"ஃபைவ் நைன் நைன்."

"அது போன ஞாயித்துக்கிழமையும் சொன்னாருல்லே? புதுசா ஒண்ணும் இல்லியா?"

"அங்க வெயிலாம்."

"கோவில்பட்டியில வெயிலுன்னு சொல்றதுக்கா இத்தனை கம்பியும் பல்பும்? அவருக்கு எத்தனை பிள்ளைங்க? கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கப்படாது. நாலாவது விதி."

"நல்ல விதி. ஆறு வருஷம் பேசியும் ஒரு மனுஷனுக்குப் பிள்ளை இருக்கா இல்லியான்னு தெரியலே. நான் ஜெட்டியில போட் வர்றதுக்குள்ளே பக்கத்துல நிக்கிறவளோட மாமியார் சங்கதி வரைக்கும் கேட்டுடுவேன்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பேச்சை நான் வளர்க்க மாட்டேன். அவள் மட்டும் வாராவாரம் கேட்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்வதாக ஒருநாள் ஒப்புக்குச் சொன்னேன். கேட்கவில்லை.

அறுபதாம் வருஷம் ஜூலை மாதம் மெஹருக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மூச்சு இழுத்தது. போட்டில் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் போய்விட்டாள். முப்பத்தொன்பது வயது. வெள்ளிக்கிழமை மௌத்து நல்ல மௌத்து என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அவள் தம்பி அப்துல் நாசர் எல்லா வேலையும் பார்த்தான். கடையைப் பூட்டியது, பள்ளிவாசலுக்குச் சொன்னது, கபர் வெட்ட ஆள் பிடித்தது எல்லாம் அவன்தான். மையித்தோடு போட்டில் திரும்பி மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கும்போதே கரையில் ஐம்பது பேர் நின்றார்கள். எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஜெட்டிக்குப் பக்கத்தில் யாரோ சுக்கு உலர்த்தியதை மழைக்கு முன்னால் அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வராதது பற்றிக் கவலையும் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். உட்காரச் சொன்னேன், குடையை எங்கே வைப்பது என்று காட்டினேன், மழையில் வந்ததற்கு நன்றி சொன்னேன். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவில் எத்தனை பேருக்குச் சோறு போதும் என்று நாசர் கேட்டதற்குச் சரியாகக் கணக்குச் சொன்னேன். உடம்புக்குள் யாரோ செட்டை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நாசர் மட்டும் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தான். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஒருக்கா அழுதுடுங்க. உள்ளே வெச்சிருந்தா சீக்காயிடும்."

"எனக்கு ஒண்ணுமில்லே."

"அதான் எனக்குப் பேடியா இருக்கு மச்சான். ஒண்ணுமில்லேன்னு சொல்றீங்கல்லே, அதுதான்."

பயப்படாதே என்று அவனுக்கு நான் ஆறுதல் சொன்னேன். எனக்கு என்ன குறை என்று எனக்கே அன்று ராத்திரி படுக்கும்போதுதான் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். அவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். மெஹர் மௌத்தாகிவிட்டாள் என்ற வாக்கியத்தை என் வாய் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஒருவரும் மிச்சமில்லை. ஊரே சொல்லி, நானும் கேள்விப்பட்டவன் மாதிரி இருந்தேன். யாராவது ஒருவரிடம் நானாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மரத்துப்போன உடம்போடு காலம் முழுக்கக் குடை வைக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. தெரியாத ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார், கோவில்பட்டியில்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டேகாலுக்கு மாடிக்குப் போனேன். துக்க வீட்டில் இது என்ன வேலை என்று நினைப்பார்கள் என்பது தெரியும். செட்டைப் போட்டு வால்வு சூடாகக் காத்திருந்தேன். ஏரியல் கம்பி பக்கத்து வீட்டு ராசப்பன் சேட்டனின் தென்னையில் கட்டியிருந்தது. மழையில் மட்டை ஆடும்போது சிக்னலும் ஆடும். நான் தந்திக் கீயைத் தட்டினால் அவர் வீட்டு ரேடியோவில் பாட்டுக்கு நடுவே டொக் டொக் என்று விழும். ஞாயிற்றுக்கிழமை எட்டரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் அவர் பொறுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். ஒன்பது அடித்து ஒரு நிமிஷம் தாண்டினால் "நைனாக்கா, மதி!" என்று, போதும் நிறுத்து என்கிற மாதிரி, சுவரைத் தாண்டிச் சத்தம் வரும்.

எட்டரைக்குச் சங்கரலிங்கம் வந்தார். போன வாரம் காணவில்லையே என்று கேட்கவில்லை. நாலாவது விதி. உங்கள் சிக்னல் ஃபைவ் நைன் நைன், இங்கே வெயில் என்றார். ஹெட்போனில் தகரக் கூரையில் கல்மழை பெய்வது போல் இரைச்சல். அவர் எழுத்துகளை நான் பொறுக்கி எடுத்துத்தான் கோர்த்தேன்.

என் முறை வந்தது. என் விதியை நானே மீறினேன். மெஹர் என் மனைவி வெள்ளிக்கிழமை மௌத் என்று தட்டினேன். மெஹர் என்றால் மோர்ஸில் நாலு கோடு, எட்டுப் புள்ளி. ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை என்று தட்டும்போதுதான் தெரிந்தது.

மறுபடி என்றார். மறுபடி அனுப்பினேன். இடி. மறுபடி என்றார். மறுபடி அனுப்பினேன்.

சின்ன இடைவெளிக்குப் பிறகு அவருடைய நீளக் கோடுகள் வந்தன. 'கிடைத்தது, கிடைத்தது. பிரமாதம், ரொம்ப சந்தோஷம். ஃபைவ் நைன் நைன். வாழ்த்துகள்.'

கோபம் வந்ததா என்றால் இல்லை. அவர் மேல் தப்பே இல்லை. இரண்டு தடவை கேட்டார், கிடைக்கவில்லை, நல்ல வார்த்தை சொல்லி விடைபெற்றார். என் ஒன்பதாவது விதியை இதைவிட ஒழுங்காக ஒருவர் கடைப்பிடிக்க முடியாது. நானும் நன்றி, வாழ்த்துகள், ஃபைவ் நைன் நைன் என்று தட்டி முடித்தேன். லாக் புத்தகத்தில் தேதி, நேரம், ஸ்டேஷன், ரிப்போர்ட் எல்லாம் எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் 'மழை' என்று எழுதினேன்.

கீழே இறங்கும்போது அடுப்படி இருட்டாக இருந்தது.

அந்த வாரம் கடையைத் திறந்தேன். திறந்ததும் ஒரு ஹோட்டல்காரர் பேச்சு நின்றுபோன ஒரு பழைய மர்ஃபி செட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வைஃப் போனதைக் கேள்விப்பட்டேன் என்றார். ஆமாம் என்று சொல்லி ரசீது கொடுத்தேன். மத்தியானம் ஒரு தபால் கார்டு எடுத்துச் சங்கரலிங்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ஐயா' வரை வந்தது. அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது? நீங்கள் பிரமாதம் என்று சொன்னது என் மனைவி இறந்ததற்கு என்று எழுதினால் அந்த மனிதர் சோறு தின்பாரா? கார்டைக் கிழித்துப் போட்டேன். அவருக்குச் சொல்லியாகிவிட்டது, பதிலும் வந்தாகிவிட்டது, இனிமேல் சொல்வதற்கும் ஆள் கிடையாது என்று ஆகிவிட்டது. மர்ஃபி செட்டைக் கழற்றி வைத்துச் சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில்தான் மாடிக்குப் போனேன். நாசர் கீழே வாசல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். வானம் கறுத்திருந்தது, மழை இன்னும் விழவில்லை.

எட்டரைக்குச் சங்கரலிங்கம் கூப்பிட்டார். ஃபைவ் நைன் நைன் வரவில்லை, வெயிலும் வரவில்லை. எடுத்த எடுப்பில், 'போன வாரம் கிடைத்தது என்று சொன்னது பொய். கிடைக்கவில்லை. மெஹர் என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்தது. ஒரு வாரமாக மனதுக்குள் அரிக்கிறது. மெஹர் யார்? மறுபடி அனுப்புங்கள்' என்றார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். நாலாவது விதி, ஒன்பதாவது விதி இரண்டையும் ஒரே மூச்சில் உடைக்கிறாரே இந்த மனிதர் என்று இருந்தது. பதினாறு நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

அனுப்பினேன். மெஹர் என் மனைவி. வெள்ளிக்கிழமை மௌத்.

'மெஹர் கிடைத்தது. மனைவி கிடைத்தது. அப்புறம் இரைச்சல். மறுபடி.'

அனுப்பினேன். சிக்னல் அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் இறங்கியது.

'வெள்ளிக்கிழமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை என்ன? மறுபடி.'

மூன்றாவது தடவை அனுப்பினேன். இதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். 'மன்னிக்கவும். மறுபடி' என்றார். நாலாவது தடவை, மறுபடி. ஐந்தாவது தடவைக்குப் பிறகு, 'மெதுவாக அனுப்புங்கள். நான் எங்கேயும் போகவில்லை' என்றார். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. ராசப்பன் சேட்டன் ரேடியோவை அணைத்துவிட்டார் போல.

புதிதாகப் பழகுகிறவனுக்குத் தட்டுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டினேன். வேகமாகத் தட்டும்போது அது வாக்கியம். மெதுவாகத் தட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்து முன்னால் நின்றது. எம் என்றால் இரண்டு கோடு. ஈ என்றால் ஒரு புள்ளி. ஹெச்சுக்கு நாலு புள்ளி வேண்டும், என் விரல் ஐந்து போட்டது. என் கையில் அப்படி ஒரு பிழை விழுந்து பல வருஷமாகிறது.

பிழை விட்டால் எட்டுப் புள்ளி வேகமாகத் தட்ட வேண்டும். தப்பாக அனுப்பினேன், திருத்துகிறேன் என்று அதற்குப் பொருள். தட்ட ஆரம்பித்தேன். எட்டோடு நிற்கவில்லை. பத்து, இருபது, முப்பது என்று புள்ளியாகப் போய்க்கொண்டே இருந்தது. கையை எடுக்க முடியவில்லை. தப்பு, தப்பு, தப்பு என்று காற்றெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். லாக் புத்தகத்தின் மேல் தண்ணீர் சொட்டிய பிறகுதான் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

எப்படியோ நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த எழுத்துகளையும் தட்டினேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. வெறும் இரைச்சல். போய்விட்டாரோ என்று நினைத்தேன். நானும் ஒன்றும் அனுப்பவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போனது. அப்போது பலமாக, அந்நியமான ஒரு கை உள்ளே வந்தது. எங்கிருந்து என்று தெரியாது, நல்ல படித்த கை. என் முதல் விதிப்படி, 'இந்த இடம் காலியா? யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்டது.

நான் கீயைத் தொடுவதற்கு முன்னால் சங்கரலிங்கத்தின் நீளக் கோடுகள் வந்தன. 'காலி இல்லை. இங்கே ஆள் இருக்கிறது.'

'மன்னிக்கவும்' என்று சொல்லி அந்தக் கை விலகிப் போனது.

அதற்குப் பிறகும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஒருவரும் பேசாத அந்த இடத்தை எனக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் உட்கார்ந்திருந்தார். பதினோரு நிமிஷம் என்று லாக்கில் எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

பிறகு மெதுவாகத் தட்டினார். 'கிடைத்தது. முழுதும் கிடைத்தது. உங்கள் சிக்னல் த்ரீ த்ரீ நைன்.'

த்ரீ த்ரீ நைன் என்றால் கஷ்டப்பட்டுத்தான் விளங்குகிறது, பலமே இல்லை என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் உண்மையான ரிப்போர்ட்.

நன்றி சொல்லி முடிப்பதுதான் முறை. முடிக்க மனம் வரவில்லை. 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று தட்டினேன்.

'நாலு பெண், ஒரு பையன். கடைக்குட்டி மாயம்மாளுக்கு மூன்று வயது. ஏன்?'

'வீட்டில் கேட்டார்கள்' என்று தட்டினேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து மாடிப்படிக்கு வந்தேன். ஒன்பது மணி தாண்டி இவ்வளவு நேரமாகிவிட்டதே, சாயா ஆறிப்போயிருக்குமே என்ற நினைப்பில் கீழே பார்த்து, "மெஹரு, நாலு பொண்ணு, ஒரு பையனாம்" என்று சொல்லியும் விட்டேன்.

கீழே நாசர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நான் படியிலேயே உட்கார்ந்தேன். "நாசர், மெஹர் மௌத்தாயிட்டாடா" என்றேன்.

தெரியும் என்று அவன் சொல்லவில்லை. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஏறி வந்து, அதே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்போ மச்சான்?" என்று கேட்டான். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.